குன்னூர், கோத்தகிரி காட்சிமுனைகள்: எந்த வரிசையில், எந்த நேரத்தில் பார்ப்பது?

குன்னூருக்குப் போய்விட்டு வந்து "ஒண்ணுமே தெரியல, ஒரே பனிமூட்டம்" என்று சொல்பவர்களிடம் எத்தனை மணிக்குக் காட்சிமுனைக்குப் போனீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மதியச் சாப்பாடு முடிந்த பிறகு என்றுதான் பதில் வரும். அந்த மலையில் பார்க்க இடங்களுக்குப் பஞ்சமில்லை. நேரமும் வரிசையும்தான் தவறிப்போகின்றன. இந்த வழிகாட்டியை அதனால் இடங்களின் பட்டியலாக எழுதாமல், இரண்டு காலை நேரங்களை எப்படிச் செலவழிப்பது என்ற திட்டமாக எழுதுகிறேன். முதல் காலை குன்னூருக்கு, இரண்டாவது கோத்தகிரிக்கு. ஊட்டியை இதில் சேர்க்கவில்லை. ஊட்டி, நீலகிரிப் பீடபூமியின் நடுவில் இருக்கிறது. குன்னூரும் கோத்தகிரியும் அதன் கிழக்கு விளிம்பில் இருக்கின்றன. சமவெளியை மேலிருந்து பார்க்க விரும்புகிறவர் போக வேண்டியது விளிம்புக்குத்தான்.

முதலில் மூடுபனியைப் புரிந்துகொள்ளுங்கள்

குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர், கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர். கீழே மேட்டுப்பாளையம் 330 மீட்டர்கூட இல்லை. இடையில் உள்ள ஒன்றரை கிலோமீட்டர் உயரமும் ஒரே சரிவாக இறங்குகிறது. காலையில் வெயில் ஏற ஏற அந்தச் சரிவு சூடாகி, சமவெளியின் ஈரக்காற்று பள்ளத்தாக்குகள் வழியாக மேலே ஏறத் தொடங்கும். ஏறுகிற காற்று குளிர்ந்து, சரியாக விளிம்பை ஒட்டி மேகமாகத் திரளும். நாம் பனிமூட்டம் என்று சொல்வது பெரும்பாலும் இந்த மேகம்தான். தெளிவான நாளில்கூட 11 மணிக்கு மேல் அது வந்துவிட வாய்ப்பு அதிகம்.

ஆகவே எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கிளம்புங்கள். தூரத்தில் இருக்கும் முனைக்கு முதலில் போய்விட்டு, திரும்பும் வழியில் மற்றவற்றைப் பாருங்கள். டாக்சிக்காரர்கள் பலரும் அருகில் இருப்பதில் தொடங்கித் தூரத்தில் இருப்பதில் முடிப்பார்கள். அவர்களுக்கு அது வசதி. முன்பே பேசி வரிசையை மாற்றச் சொல்லுங்கள்.

எந்த மாதம்?

ஜனவரியிலிருந்து மார்ச் வரை வானம் தெளிவாக இருக்கும், தூரக்காட்சி நன்றாகக் கிடைக்கும். அருவிகளில் மட்டும் தண்ணீர் குறைந்திருக்கும். ஏப்ரல், மே சீசன் நேரம். கூட்டம் நெரியும், சமவெளி மீது வெப்பப் புகைமூட்டம் படர்ந்திருக்கும்.

ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை மலைப்பக்கமே போகக் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். அது கூடலூருக்கும் அவலாஞ்சிக்கும் பொருந்தும். தென்மேற்குப் பருவமழையின் முழு வேகத்தை மேற்குப் பக்கம் வாங்கிக்கொள்கிறது. 2,637 மீட்டர் உயர தொட்டபெட்டா நடுவில் நிற்பதால் கிழக்கே இருக்கும் கோத்தகிரிக்கு அந்த மழை குறைவாகத்தான் வருகிறது. ஊட்டி நனைந்துகொண்டிருக்கும்போது கோத்தகிரியில் வெயில் அடிப்பதைப் பார்க்கலாம்.

குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் உண்மையான மழைக்காலம் அக்டோபரிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை, வடகிழக்குப் பருவமழையின்போது. அருவிகள் பொங்கி வழியும், மலை பச்சையாகத் தெரியும், ஆனால் மண்ணும் சரியும். 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். கனமழை எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். முன்பணம் போனால் போகட்டும்.

ஏறும் வழி

சொந்த வாகனத்தில் போகிறவர்களுக்கு இ-பாஸ் கட்டாயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இந்த நடைமுறை இருக்கிறது. 2025 கோடையில் நீலகிரிக்குள் வார நாட்களில் ஒரு நாளைக்கு 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 என்று வரம்பும் வைத்தார்கள். சீசனில் போவதானால் தேதி முடிவானதுமே பாஸ் எடுத்துவிடுங்கள். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலைக்கு ஏற இரண்டு சாலைகள். ஒன்று கல்லாறு, பர்லியாறு வழியாகக் குன்னூருக்கு. மற்றொன்று குஞ்சப்பனை, அரவேனு வழியாகக் கோத்தகிரிக்கு. குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கிவிட்டால் ஒரு சாலையை இரண்டு முறை பார்க்க வேண்டியிருக்காது. சீசனில் காவல்துறையே பல நாட்களில் இப்படி ஒருவழிப் பாதையாக்கிவிடுகிறது.

டிக்கெட் கிடைத்தால் ஏறுவதற்கு மலை ரயிலைத்தான் சொல்வேன். காலை 7.10க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பும். குன்னூர் வரையிலான பாதை 1899இல் திறக்கப்பட்டது, ஊட்டி வரை நீண்டது 1908இல். 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வரிசை தொடங்கும். இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். சில இடங்களில் 12 அடி நகர்ந்தால் 1 அடி உயரும் அளவுக்குச் செங்குத்து. இன்ஜின் பின்னாலிருந்து தள்ளுவதால் முன்பெட்டிக்கு எதிரே மறைப்பு எதுவும் கிடையாது. ஹில்குரோவ், ரன்னிமேடு நிலையங்களில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது இறங்கிப் பாருங்கள். மறுநாள் மேலிருந்து பார்க்கப்போகும் பள்ளத்தாக்குக்குள்ளேதான் அப்போது நின்றுகொண்டிருப்பீர்கள். நீண்ட மழைக்குப் பிறகு பாதையில் மண் சரிந்து ரயில் ரத்தாவது சகஜம், அதனால் மாற்று ஏற்பாடு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் காலை: டால்பின் நோஸ், பிறகு திரும்பும் வழி

குன்னூரின் மூன்று முக்கியமான முனைகளும் ஒரே சாலையில் இருக்கின்றன. ஊரிலிருந்து லேம்ப்ஸ் ராக் சுமார் 8 கி.மீ., லேடி கேனிங் சீட் அதைத் தாண்டிச் சற்றுத் தூரம், டால்பின் நோஸ் சுமார் 12 கி.மீ. சாலை தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும். பல இடங்களில் எதிரே ஒரு வேன் வந்தால் ஒதுங்க இடம் தேட வேண்டும். இதற்காகவும் சீக்கிரம் கிளம்புவது நல்லது. பேருந்து உண்டு, எண்ணிக்கை குறைவு. குன்னூர் பேருந்து நிலையத்தில் முந்தின நாளே நேரம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

டால்பின் நோஸுக்கு நுழைவு திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். மூக்குபோல் நீட்டிக்கொண்டிருக்கும் பெரும்பாறை அது. இருபுறமும் ஆழமான பள்ளம். எல்லோரும் பாறையின் நுனிக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் முதலில் எதிர்ப்பக்கம் பாருங்கள். பள்ளத்தாக்கின் அந்தப் பக்கச் சுவரில், பச்சைக்கு நடுவே வெள்ளைக் கோடாக ஓர் அருவி இரண்டு தட்டாக விழும். அதுதான் கேத்தரின் அருவி. உயரம் சுமார் 250 அடி. அது கோத்தகிரிப் பக்கத்து அருவி. ஆனால் முழு உருவத்தையும் பார்க்கக் குன்னூர்ப் பக்கம்தான் வர வேண்டும். காற்று நம் பக்கம் வீசும்போது அவ்வளவு தூரத்திலிருந்தும் அதன் ஓசை மெல்லக் கேட்கும்.

அப்புறம் கண்ணைக் கீழே இறக்குங்கள். மேலே தேயிலை, அதற்குக் கீழே மரங்கள் அடர்ந்த சரிவு, அதற்கும் கீழே பாக்குத் தோட்டங்கள் நிறைந்த கல்லாற்றுப் பகுதி, கடைசியில் சமவெளி. உயரம் குறையக் குறையப் பயிர் மாறுவதை ஒரே பார்வையில் காட்டும் இடம் இது. தொலைநோக்கி இருந்தால் கொண்டுபோங்கள். இந்தப் பயணத்தில் கேமராவைவிட அது அதிகம் உதவும். குரங்குகள் கையிலிருப்பதைப் பிடுங்கும். தின்பண்டத்தை வெளியே எடுக்கவே வேண்டாம்.

திரும்பும் வழியில் லேடி கேனிங் சீட். கவர்னர் ஜெனரல் கேனிங் பிரபுவின் மனைவி சார்லட் கேனிங் 1858இல் குன்னூரில் தங்கியிருந்தார். நீர்வண்ண ஓவியங்கள் தீட்டுவதில் தேர்ந்தவர். அவர் விரும்பி வந்து அமர்ந்த இடம் என்பதால் இந்தப் பெயர். இங்கே சற்று உட்காருங்கள். ஓவியருக்கு ஏன் பிடித்தது என்பது தானாகப் புரியும்: டால்பின் நோஸில் ஆழம்தான் கண்ணை இழுக்கும், இங்கே மலை அடுக்குகள். ஒன்றன்பின் ஒன்றாக நிறம் வெளுத்துக்கொண்டே போகும். எதிரே மொட்டையாக நிமிர்ந்து நிற்கும் மலைமுடியின் மேல்தான் பக்காசுரன் கோட்டை. துருக் என்றும் சொல்வார்கள். திப்பு சுல்தான் காலத்தில் காவல் அரணாக இருந்தது.

மூன்றாவது லேம்ப்ஸ் ராக். கேப்டன் லேம்ப் என்பவர் இதற்குப் பாதை போட்டதால் அவர் பெயர் நின்றுவிட்டது. சாலையிலிருந்து மரங்களுக்கு இடையே கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். முனைக்கு வந்ததும் காலுக்குக் கீழே பல நூறு அடி செங்குத்தாக இறங்குகிறது. அடியில் இருப்பது குன்னூர் ஆற்றின் பள்ளத்தாக்கு, ரயிலும் மலைச்சாலையும் ஏறி வருகிற அதே பள்ளத்தாக்கு. எனக்கு இந்த மூன்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் லேம்ப்ஸ் ராக்கைத்தான் சொல்வேன். காட்டுக்குள் நடந்து போய்ச் சேர்வதாலேயே அங்கே கூட்டம் சற்று அடங்கியிருக்கிறது. வேலிக்கு அப்பால் காலெடுத்து வைக்காதீர்கள். ஈரப்பாசி படிந்த பாறையில் செருப்பு நிற்காது.

இவ்வளவும் முடித்துப் பதினொன்றரைக்குள் ஊர் திரும்பிவிடலாம்.

மதியத்துக்கு என்ன?

விளிம்பு மூடிக்கொள்ளும் நேரத்தில் ஊருக்குள் இருங்கள். 1874இல் உருவான சிம்ஸ் பூங்கா இதற்கென்றே இருப்பது போல இருக்கும். சரிவிலேயே அமைந்த பூங்கா, பழைய பெருமரங்கள், சுமார் 12 ஹெக்டேர். மூடுபனியில் அந்த மரங்கள் இன்னும் அழகு. மே மாதத்தில் இங்கே பழக்கண்காட்சி நடக்கும்.

மேகம் விலகினால் மாலையில் ஊட்டிச் சாலையில் கொஞ்ச தூரம் போய்க் கேத்தி பள்ளத்தாக்கைப் பாருங்கள். இங்கே அதலபாதாளம் எதுவும் இல்லை. கேரட்டும் முட்டைக்கோசும் விளையும் படிக்கட்டு வயல்கள், வரிசை வரிசையாக வீடுகள் அமைந்த படகர் ஊர்களான ஹட்டிகள், நடுவே ஊர்ந்து போகும் ரயில். சாய்ந்த வெயிலில் அந்த வயல் வரிசைகளின் நிழல் நீண்டு விழும்.

சூரிய அஸ்தமனத்துக்கென்று டால்பின் நோஸ் பக்கம் போக வேண்டாம். அங்கிருந்து தெரிவது கிழக்கும் தெற்கும். மேற்கை மலை மறைத்துவிடும்.

இரவு தங்குவதற்குக் கோத்தகிரிக்கு நகர்ந்துவிடுங்கள். எடப்பள்ளி வழியாக 20 கி.மீ. சுமார். மறுநாள் காலை நேரத்தில் ஒரு மணி நேரம் மிச்சமாகும்.

இரண்டாவது காலை: கோடநாடு

முழு நீலகிரியிலும் பெரிய காட்சி எது என்று கேட்டால் யோசிக்காமல் கோடநாடு என்பேன். கோத்தகிரியிலிருந்து சுமார் 18 கி.மீ., எஸ்டேட்டுகள் வழியாகப் போகும் சாலை. காட்சிக் கோபுரமும் கம்பி வேலியும் இருக்கின்றன. சாலை இங்கே முடிந்துவிடுகிறது, நீலகிரியும் முடிந்துவிடுகிறது.

இங்கே ஐந்து நிமிடம் நின்று திரும்பினால் ஒரு பெரிய பள்ளம் பார்த்த நினைவு மட்டும்தான் மிஞ்சும். என்ன பார்க்கிறோம் என்று தெரிந்துகொண்டு பார்க்க வேண்டிய இடம் இது.

வடக்கு நோக்கி நில்லுங்கள். கீழே ஓடுவது மாயாறு. நீலகிரியையும் மைசூர் பீடபூமியையும் பிரிக்கும் ஆழமான பிளவு அதன் பள்ளத்தாக்கு. அப்பால் தெரியும் மலைகள் சத்தியமங்கலம் பக்கத்தவை. ஆற்றின் போக்கைக் கண்ணால் கிழக்கே தொடர்ந்து போனால், தெளிவான காலையில் ஒரு வெள்ளித் தகடு பளபளக்கும். அது பவானிசாகர் நீர்த்தேக்கம். மாயாறு பவானியோடு சேரும் இடத்தில் 1955இல் கட்டி முடிக்கப்பட்ட மண் அணை.

ஆற்றங்கரையில் காட்டுக்கு நடுவே ஒரே ஒரு இடத்தில் மட்டும் கட்டம் கட்டமாகப் பச்சை வயல்கள் தெரியும். அதுதான் தெங்குமரஹாடா. நெல், வாழை, மஞ்சள் விளையும் ஊர். கூட்டுறவுப் பண்ணைச் சங்கத்தால் உருவானது. கோடநாட்டிலிருந்து நேர்க்கீழே தெரிந்தாலும் அங்கே போகச் சமவெளிக்கு இறங்கி, பவானிசாகரைச் சுற்றிக்கொண்டு புலிகள் காப்பகக் காட்டுக்குள் புகுந்து, மாயாற்றைப் பரிசலில் கடக்க வேண்டும். நிர்வாகத்தில் அது நீலகிரி மாவட்டம். மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் அந்த மக்கள் எவ்வளவு சுற்ற வேண்டியிருக்கிறது என்பது இந்த உயரத்திலிருந்து பார்த்தால்தான் முழுதாகப் புரியும்.

இந்தப் பள்ளத்தாக்கு பாறுக் கழுகுகளின் கடைசிப் புகலிடங்களில் ஒன்று. கால்நடைகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் மருந்தால் நாடு முழுவதும் இந்தக் கழுகுகள் செத்து மடிந்தபோது, மாயாற்றுக் கரை மரங்களில் கூடு கட்டியவை மிஞ்சின. வெயில் ஏறத் தொடங்கும் ஒன்பது, ஒன்பதரை மணிக்கு வெப்பக்காற்றில் சிறகை அசைக்காமல் வட்டமிட்டு எழும் பெரிய பறவை தெரிந்தால் தொலைநோக்கியை எடுங்கள். பள்ளத்துக்கு மேலே நாம் நிற்பதால் பறவையின் முதுகை மேலிருந்து பார்க்கும் அரிய வாய்ப்பு.

கிழக்கே கூம்பாக எழும் முடி ரங்கசாமி மலை, 1,785 மீட்டர். அதன் பக்கத்தில் தூணாக நிற்கும் தனிப்பாறை சுமார் 400 அடி உயரம். இருளர்களுக்கும் படகர்களுக்கும் இது புனித மலை. காரமடையில் இருந்த ரங்கநாதர் மனைவியோடு கோபித்துக்கொண்டு இங்கே தனியாக வந்துவிட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். முடிக்கு ஏறுவது சுற்றுலா அல்ல, வனத்துறை அனுமதியும் உள்ளூர் ஆள் துணையும் இல்லாமல் முயலக் கூடாது. கோடநாட்டிலிருந்து கும்பிட்டுக்கொண்டால் போதும்.

குறைந்தது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வந்ததும் மூடியிருந்தால் உடனே திரும்பிவிடாதீர்கள். காற்று ஒரு முறை திரும்பினால் பத்தே நிமிடத்தில் முழுப் பள்ளத்தாக்கும் திறந்துகொள்ளும், அதே வேகத்தில் மூடியும் விடும்.

கோத்தகிரியும் இறங்கும் வழியும்

கோடநாட்டிலிருந்து திரும்பும்போது கோத்தகிரிக்கு அருகே கன்னேரிமுக்கில் ஜான் சல்லிவனின் பழைய பங்களாவை நினைவகமாக வைத்திருக்கிறார்கள். கோவை கலெக்டராக இருந்த அவர் 1819இல் இந்த மலைக்கு வந்தார். நீலகிரியில் ஐரோப்பியக் குடியேற்றம் ஊட்டிக்கு முன்பு தொடங்கியது இங்கேதான். பழைய படங்களைப் பார்த்தால் இன்றைய தேயிலைச் சரிவுகள் ஒரு காலத்தில் புல்வெளியும் சோலையுமாக இருந்தது தெரியும்.

மிஞ்சியிருக்கும் சோலை எப்படி இருக்கும் என்று பார்க்க லாங்வுட் சோலை இருக்கிறது. 116 ஹெக்டேர், ஊரை ஒட்டியே. சுற்றுவட்டாரக் கிராமங்களின் குடிநீர் ஊற்று அது. 2024 ஜனவரியில் ராம்சர் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. வனத்துறை அனுமதியோடுதான் உள்ளே போக முடியும். அனுமதி கிடைக்காவிட்டால் வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகருங்கள், வற்புறுத்த வேண்டாம்.

மேட்டுப்பாளையம் சாலையில் அரவேனு வந்ததும் கேத்தரின் அருவிக்கு ஒரு பாதை பிரியும். முதல் நாள் டால்பின் நோஸிலிருந்து வெள்ளைக் கோடாகப் பார்த்த அருவியின் தலைமாட்டுக்கு இது போகிறது. இங்கிருந்து முழு வீழ்ச்சியும் தெரியாது, எதிரே டால்பின் நோஸ் பாறை தெரியும். ஓரத்தில் இறங்கிக் குளிக்கிற எண்ணம் வேண்டாம். மேலே எங்கோ பெய்யும் மழைக்கு இங்கே தண்ணீர் திடீரென உயரும்.

நடக்கத் தெம்பு உள்ளவர்களுக்கு

இன்னொரு காலை கையில் இருந்தால் பக்காசுரன் கோட்டைக்குப் போகலாம். குன்னூரிலிருந்து நான்சச் எஸ்டேட் வரை வண்டி, பிறகு நடை. கோட்டை என்று இப்போது மிஞ்சியிருப்பது ஒரு சுவரின் பகுதிதான். போவது அந்தச் சுவருக்காக அல்ல. லேடி கேனிங் சீட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்த முடியில் நின்று இந்தப் பக்கத்தைப் பார்ப்பதற்காக. காட்டெருமை நடமாட்டம் அதிகம். அனுமதி இருக்கிறதா என்று விசாரித்து, வழி தெரிந்த ஆளோடு மட்டும் போங்கள்.

கையில் இருக்க வேண்டியவை, செய்யக் கூடாதவை

வெயில் அடித்தாலும் ஒரு ஸ்வெட்டரும், மாதம் எதுவானாலும் ஒரு மழைக்கோட்டும் இருக்கட்டும். விளிம்பில் குடை நிற்காது. பிடிமானம் உள்ள காலணி அவசியம். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கும் சிறிய தண்ணீர் பாட்டில்களும் தடை செய்யப்பட்டவை. சோதனைச் சாவடியிலேயே பறிமுதல் ஆகும். வீட்டிலிருந்து ஸ்டீல் பாட்டில் கொண்டுவந்து வழியில் உள்ள குடிநீர் மையங்களில் நிரப்பிக்கொள்ளுங்கள். கொறிக்க வர்க்கி வாங்கினால் காகிதத்தில் கட்டித் தரச் சொல்லுங்கள்.

காட்டெருமை சாலையோரம் சாதுவாக மேய்வதைப் பார்த்துச் செல்ஃபி எடுக்க இறங்குகிறவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள், அது முட்டினால் தப்ப வழியில்லை. கோத்தகிரிப் பக்கம் இருட்டிய பிறகு ஊருக்குள்ளேயே கரடி வரும். தேயிலைத் தோட்டத்துக்குள் படம் எடுக்க இறங்குவதாக இருந்தால் வேலை செய்பவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அது அவர்கள் பிழைக்கும் இடம், மருந்து தெளித்திருக்கவும் கூடும்.

இறங்கும்போது வண்டியை இரண்டாம் கியரிலேயே வைத்திருங்கள். பிரேக்கை விடாமல் அழுத்தினால் பாதி வழியில் சூடாகிப் பிடிக்காமல் போகும். வளைவுகளில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் உரிமை, நின்று வழிவிடுங்கள். கோத்தகிரியை நான்கு மணிக்குள் விட்டுவிடுவது நல்லது. குஞ்சப்பனைப் பக்கம் பலா பழுக்கும் மே, ஜூன், ஜூலையில் யானைகள் மாலையானதும் சாலைக்கு வரும். வந்தால் ஹாரன் அடிக்காமல், விளக்கைத் தாழ்த்தி, தூரத்திலேயே நிறுத்திக் காத்திருங்கள். அவை கடந்து போனபின் கிளம்பலாம்.